பக்கம் ஏ, பக்கம் பி – 14: உலகின் நாலாவது பாட்டும் ஐந்தாவது பாட்டும்

கசற்றில் பாட்டுப் பதிந்து தருகிற றெக்கோடிங் பாரில் பாட்டுப் பட்டியலையும் வெற்றுக் கசற்றையும் கொடுத்துவிட்டுக் காத்திருந்த கதையோடு போன வாரம் நிறுத்தினோம். இந்த வாரம் தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் ஒலிப்பதிவுகள் என்று சொல்லியிருந்தேன். அதற்காகப் பழைய தாள்களைக் கிளறும்போது ஒரு பட்டியல் அகப்பட்டது. அதற்குப் பிறகு மனம் வேறெதிலும் நிற்கவில்லை.

2002ஆம் ஆண்டு, பிபிசி உலக சேவை தனது எழுபதாவது ஆண்டு நிறைவையொட்டி, உலகத்திலேயே உங்களுக்குப் பிடித்த பாட்டு எது என்று நேயர்களிடம் கேட்டு ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. முதலிடம் 'வூல்ஃப் டோன்ஸ்' என்ற அயர்லாந்துக் குழுவினரின் தேசப் பாட்டுக்கு. இரண்டாவது 'வந்தே மாதரம்'. மூன்றாவது பாகிஸ்தானின் 'தில் தில் பாகிஸ்தான்'. எட்டாவது இடத்தில் ஷேர், பத்தாவதில் குயீன் குழுவினர். நாலாவது இடத்தில் 'தளபதி' படத்தின் 'ராக்கம்மா கையத் தட்டு'. அதற்கு அடுத்தபடியாக, ஐந்தாவது இடத்தில், திருமலைச் சந்திரன் பாடிய 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'.

நாலும் ஐந்தும் தமிழ்ப் பாட்டு! அதுவும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. ஒன்று பம்பாயில் பெரிய வாத்தியக் குழுவோடு பதிவான திரைப்பாட்டு. மற்றது வீடு வாசலை விட்டு நடந்த சனத்தைப் பற்றியது. புலம்பெயர்ந்தவர்கள் ஆளுக்காள் சொல்லி வாக்குப் போட்டதால் வந்த இடம் இது என்று அப்போதே சிலர் குறை சொன்னார்கள். சொல்லட்டும். பனி கொட்டும் ஊரில் இரவு வேலை முடிந்து வந்து, ஒரு பாட்டுக்காகக் கணினியைத் திறந்து வாக்களிக்கிற மனுசருக்கு அந்தப் பாட்டு எவ்வளவு தேவைப்பட்டிருக்க வேண்டும்! அதுவும் ஒரு அளவுகோல்தான்.

நாலாவது பாட்டில் இன்னொரு விசேஷம் உண்டு. அதன் நடுவில் அப்பர் சுவாமிகளின் தேவாரம் ஒன்று வரும். தில்லைக் கூத்தனைப் பாடியது, நாலாம் திருமுறையில் உள்ளது. கோயில்களில் பூசை முடிந்ததும் ஓதுவார் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிற அதே தேவாரம். அப்பர் ஏழாம் நூற்றாண்டுக்காரர். அவருடைய சொல் ரஜினிகாந்த் படத்துக்குள் புகுந்து, எஸ்.பி.பி.யின் குரலோடும் சொர்ணலதாவின் குரலோடும் சேர்ந்து, லண்டன் வானொலியின் பட்டியலில் உலகத்தில் நாலாவதாக நிற்கிறது. தேவாரத்தோடு வளர்ந்த எங்களுக்கு இது சின்ன விசயமா? இதை அறிந்த நாளிலிருந்து சந்திக்கிற எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

'தளபதி' 1991 தீபாவளிக்கு வெளியானது. பாட்டெல்லாம் வாலி எழுதியது. மணிரத்னமும் இளையராஜாவும் கடைசியாகச் சேர்ந்த படமும் அதுதான். அந்தக் கசற் பண்டத்தரிப்பில் என் சின்னம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதோடு போன கரண்ட் அது. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். மண்ணெண்ணெயும் அப்படித்தான். கடைசிச் சொட்டுவரை உறிஞ்சின பற்றறிகளை முற்றத்தில் வெயில் காயப்போட்டு இன்னும் அரைப் பாட்டு எடுக்கப் பார்த்தோம்.

பிறகு வந்தது டைனமோ. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின் சில்லு அந்தரத்தில் சுழல, ஒருவர் ஏறி இருந்து உழக்க வேண்டும். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற். சின்ன ரேப் றெக்கோடருக்கு நாலு பற்றறி. ஒன்றரை வோல்ற் வீதம் அதுவும் 6 வோல்ற்தான். அளவு அப்படியே பொருந்தும். ஆனால் டைனமோவில் வருவது ஆடலோட்டம், றெக்கோடருக்கு வேண்டியது நேரோட்டம். பழுதான றேடியோவிலிருந்து கழற்றிய டையோடுகளை இடையில் வைத்துப் பற்றாசு பிடித்தால் காரியம் முடிந்தது. எங்கள் ஊர்ப் பெடியள் இதை ஒரு வகுப்பறையிலும் படிக்கவில்லை.

கசற் நாடா வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். பிலிப்ஸ் நிறுவனத்தில் லூ ஒட்டன்ஸ் என்பவரின் குழு 1963இல் கசற்றை உலகத்துக்குக் காட்டிய நாளிலிருந்து அதுதான் கணக்கு. கால் தளர்ந்தால் வோல்ற் இறங்கும், நாடா பின்தங்கும், எஸ்.பி.பி.யின் குரல் சுருதி விட்டுக் கீழே போகும். உடனே குசினிக்குள்ளிருந்து சின்னம்மாவின் குரல் வரும்: "தம்பி, பாட்டு இழுக்குது, உழக்கு மேனை!" 'ராக்கம்மா' ஏழு நிமிடப் பாட்டு. அப்பர் தேவாரம் வருகிற இடத்தில் உழக்குகிறவனுக்கு வேர்த்து ஒழுகும். அந்த இடத்தில் விடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

இந்தத் தொடரில் நான் திரும்பத் திரும்ப இசைத்தட்டையும் கசற்றையும் பற்றி எழுதுவதற்குக் காரணம் இதுதான். தனிப்பாட்டு எங்கேயும் கேட்கலாம். ஆனால் ஒரு கசற் முழுவதும், ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் திருப்பி, அதே ஒழுங்கில் நூறு தடவை கேட்டவர்களுக்கு ஒரு பாட்டு முடிகிற இடத்தில் அடுத்த பாட்டின் முதல் சத்தம் தானாகக் காதில் எழும். இன்றைக்கும் எங்காவது தளபதிப் பாட்டு முடிந்து வேறேதோ தொடங்கினால் எனக்குப் படி தவறியது போலிருக்கிறது.

1995 ஜூலை 9 அன்று படை நகர்வு வலிகாமம் மேற்குப் பக்கமாக வந்தபோது பண்டத்தரிப்பும் சுற்றுக் கிராமங்களும் எழும்பி ஓடின. அன்றைக்குத்தான் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் குண்டு விழுந்தது. அங்கே தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதுமே தென்மராட்சிப் பக்கம் நடந்தது. ஒரே ஆண்டில் இரண்டு முறை. மழைக்குள் சைக்கிளில் அரிசிப் பை, பாய், சட்டி, குழந்தை. டைனமோ கொழுவியிருந்த சைக்கிள்தான் சின்னம்மா குடும்பத்தின் பாரத்தையும் சுமந்தது. கசற் பெட்டி வீட்டில் நின்றுவிட்டது. திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரையில்லை. நாடாக்கள் பூசணம் பிடித்து ஒட்டிக் கிடந்தன.

அந்த இரவு நடந்த எவரும் திருமலைச் சந்திரனின் பாட்டைச் சும்மா ஒரு பாட்டாகக் கேட்க முடியாது. சின்னம்மா அதைப் போட விடுவதில்லை. "தளபதியைப் போடு, அதைப் போடாதை" என்பார். பிபிசி பட்டியல் விசயத்தைச் சொன்னபோது, "ரெண்டும் எங்கட வீட்டுப் பாட்டுத்தானே" என்றார், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் எந்தக் கசற், யார் உழக்கினார்கள் என்று எழுதுங்கள்.

தெட்சணாமூர்த்தி அடுத்த வாரம், கட்டாயம். பண்டத்தரிப்பிலிருந்து அளவெட்டி கூப்பிடு தூரம்தான். 1975இல் மறைந்தவருடைய தவில் இன்றைக்கு எங்கள் காதுக்கு எந்தெந்தக் கைகள் வழியாக வந்து சேர்ந்தது, அம்ஷன் குமாரின் ஆவணப்படம் அதில் எதைத் தேடிப் பிடித்தது என்பதிலிருந்து தொடங்குவோம்.