வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறார்களா? தைராய்டு பரிசோதனைக்கு முன் கவனிக்க வேண்டியவை

எருக்குழி ஓரத்திலும் மரத்தடியிலும் மண் மாதிரி எடுக்கக் கூடாது என்பது விவசாயிகளுக்குத் தெரியும். மாதிரி தவறினால் முடிவு தவறும், அதை நம்பிப் போடும் உரமும் வீண். ரத்த மாதிரிக்கும் இதே கணக்குதான். இப்போது நகரத்தை ஒட்டிய கிராமங்களுக்கு லேப் ஆட்கள் காலையில் வீட்டுக்கே வந்து தைராய்டு பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிறார்கள். பஸ் செலவு மிச்சம். ஆனால், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று வருகிறவர் கேட்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பலரும் கவனிக்காதது முடி மாத்திரையை. தைராய்டு சுரப்பு குறைந்தால் முடி கொட்டும். அதற்காக மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரைகள் பலவற்றில் பயோட்டின் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம் அளவுதான். மாத்திரையிலோ 5, 10 மில்லிகிராம் வரை இருக்கும். அது தைராய்டு சுரப்பியைத் தொடுவதில்லை, லேப் கருவியைத்தான் ஏமாற்றுகிறது. சில கருவிகளில் டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகவும், டி4 கூடுதலாகவும் காட்டும். தைராய்டு மாத்திரை அதிகமாகிவிட்டது போலத் தெரிவதால் டாக்டர் அளவைக் குறைத்துவிடலாம். சில வாரங்களில் அசதி திரும்பும். நாற்று நட இறங்கும் பெண்ணுக்குக் குனிந்தால் நிமிர முடியாது. காரணம் யாருக்கும் புரியாது. ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்த வேண்டும். அட்டையின் பின்புறத்தைப் பிள்ளைகளைப் படிக்கச் சொன்னால் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். டாக்டரே எழுதிக் கொடுத்த மாத்திரை என்றால் அவரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

தைராய்டு மாத்திரையை மட்டும் நாள் கணக்கில் நிறுத்தவே கூடாது. 'டெஸ்ட் இருக்கு' என்று ஒரு வாரம் விட்டுவிடுகிறவர்கள் உண்டு, அது தவறு. அன்று காலை மட்டும் ரத்தம் கொடுத்த பிறகு போட்டால் போதும். முன்பே போட்டால் சில மணி நேரத்துக்கு டி4 ஏறி நிற்கும். மாத்திரை போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி, டீ. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

தைராய்டுக்கு மட்டும் என்றால் பட்டினி கட்டாயமில்லை. சர்க்கரை, கொழுப்பும் சேர்த்துப் பார்ப்பதானால் லேப் சொல்லும் நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். டி.எஸ்.எச். அதிகாலையில் கூடுதலாகவும் பிற்பகலில் குறைவாகவும் இருக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே லேபில் பார்ப்பது நல்லது. கடும் காய்ச்சலில் படுத்திருந்தால் குணமான பிறகு பார்க்கலாமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குச் சரியான அளவே வேறு. முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

குழாயில் பெயரும் வயதும் கண் முன்னாலேயே எழுதச் சொல்ல வேண்டும். ஒரே தெருவில் நாலு வீட்டில் ரத்தம் எடுக்கும் நாளில் இது முக்கியம். மாத்திரை அளவு மாறினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் அடுத்த பரிசோதனை. அதுவரை பழைய ரிப்போர்ட்டுகள் சிட்டாவும் மண்வள அட்டையும் இருக்கும் பையிலேயே இருக்கட்டும்.