பூனைக்குத் திடீர் உபாதையா? கம்ப்யூட்டரிடம் சரியாகக் கேளுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் உடனே கூகுளில் தேடுகிறார்கள். நெய்வேலி நகரியத்தில் பூனை வளர்க்கும் எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. தேடுவதில் தவறில்லை. ஆனால் எப்படித் தேடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். கடுவன் பூனை ஒன்று மண் தட்டில் உட்கார்ந்து முக்குகிறது. எழுந்து போய், மீண்டும் வந்து உட்கார்கிறது. "பூனை மலச்சிக்கல்" என்று டைப் செய்து என்டர் தட்டினால், திரையில் மலச்சிக்கல் வைத்தியமே வரிசையாக வரும். அதையே "ஆண் பூனை முக்குகிறது, சிறுநீர் வரவில்லை" என்று டைப் செய்து பாருங்கள். சிறுநீர்ப் பாதை அடைப்பு பற்றிய பக்கங்கள் வரும். கடுவனுக்கு அந்தப் பாதை மிகவும் குறுகல். அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பாதிக்கும். ஓரிரு நாளில் உயிரே போய்விடலாம்.

ஆகவே, நீங்கள் ஊகித்த நோயின் பெயரை டைப் செய்யாதீர்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் டைப் செய்யுங்கள். உங்கள் ஊகத்தைக் கேள்வியாகக் கொடுத்தால், கம்ப்யூட்டர் அதையே பதிலாகத் திருப்பித் தரும்.

கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் மவுஸைத் தொட வேண்டாம். உடனே டாக்டரிடம் கிளம்புங்கள்.

* சிறுநீர் வராமல் முக்குதல்
* வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், ஈறு வெளுத்தல் அல்லது நீலமாதல்
* பின்னங்கால்கள் திடீரென்று செயலிழந்து, வலியில் கத்துதல்
* வலிப்பு, மயக்கம், நிற்காத வாந்தி
* எலி விஷத்தையோ பாராசிட்டமால் மாத்திரையையோ தின்றிருத்தல் (ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லக்கூடும்)
* கம்ப்யூட்டர் வயரைக் கடித்து ஷாக் அடித்தல். முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பூனையைத் தொட வேண்டும். பூனை எழுந்து நடந்தாலும், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம்.

ஒரு முறை முடி உருண்டையை வாந்தி எடுத்துவிட்டு, வழக்கம்போல் சாப்பிட்டு விளையாடினால் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். வளர்ந்த பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பட்டினி நீண்டால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும். குட்டி என்றால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

கம்ப்யூட்டர் உண்மையில் உதவுவது இன்னொரு வேலைக்கு. எக்ஸெலில் ஒரு பைல் திறந்து தேதி, நேரம், சாப்பாடு, தண்ணீர், சிறுநீர், வாந்தி என்று தலைப்பிட்டுக்கொள்ளுங்கள். பூனை தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்பதையும் எண்ணிச் சேருங்கள். பொதுவாக 30-க்குள் இருக்கும். நான் வாரம் ஒரு முறை பதிகிறேன். உபாதை என்றால் தினமும். "எப்போதிலிருந்து இப்படி?" என்று டாக்டர் கேட்டால், யோசிக்காமல் பதில் சொல்லலாம்.

அதே பைலின் முதல் வரிசையில் பக்கத்து டாக்டரின் எண்ணையும், புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியின் எண்ணையும், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கும் 1962-ஐயும் எழுதி வையுங்கள். ஒரு பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மின்சாரம் தயாரிக்கும் ஊர் என்றாலும், கரண்ட் போகும் நேரத்தில் கம்ப்யூட்டர் பேசாதே!