கிருமியின் குலவரலாறு

திருவள்ளூர் மாவட்டத்தில், கொசத்தலையாற்றுப் பள்ளத்தாக்கில் அதிரம்பாக்கம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே அகழ்ந்தெடுத்த கற்கருவிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றைச் செதுக்கியோர் நம்மை முற்றும் ஒத்த மாந்தர் அல்லர். உயிர்கள் தலைமுறைதோறும் சிறிது சிறிதாக மாறி வருகின்றன. இம்மாற்றத்தையே அறிஞர் பரிணாமம் என்பர். மாந்தர் மாறப் பல்லாயிரம் ஆண்டுகள் செல்லும். நுண்ணுயிர்களுக்கோ சில திங்களே போதும். மருத்துவ உலகம் இவ்வுண்மையைக் காசநோயோடு போராடியபோது நன்குணர்ந்தது.

காசநோய்க் கிருமி ஏறத்தாழ நாளுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது. பிரியுங்கால் எப்போதோ ஒருமுறை அதன் மரபுப் பொருளில் சிறு பிழை நேர்கிறது. 1944-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஸ்டிரெப்டோமைசின் என்னும் மருந்தைத் தனித்துக் கொடுத்தபோது நோயாளிகள் முதலில் தேறினர். சில திங்களில் பலர் மீண்டும் நலிந்தனர். கிருமிகள் எதிர்க்கக் கற்றுக்கொண்டன என்று கூறுவது பொருந்தாது. கோடிக்கணக்கான கிருமிகளுள் அம்மருந்துக்கு அடங்காத சில முன்பே இருந்தன. மற்றவை மடிய, அவை எஞ்சிப் பெருகின. பழவேற்காட்டு ஏரியில் வலைக்கண் வழியே நழுவும் சிறுமீன்கள் மட்டும் எஞ்சுதல் போன்றது இது. பல மருந்துகளை ஒருங்கே கொடுத்தால், ஒன்றுக்குத் தப்பிய கிருமி மற்றொன்றால் மடியும். மருந்தை இடையில் நிறுத்துவோர், தம்மை அறியாமலே அடங்காக் கிருமிகளை வளர்ப்போர் ஆவர்.

பி.சி.ஜி. என்னும் தடுப்பு மருந்தும் பரிணாமத்தின் விளைவே. பிரான்சு நாட்டு அறிஞர்களாகிய கால்மெட், கெரன் இருவரும், மாடுகளுக்குக் காசநோய் தரும் கிருமியைப் பித்தநீர் கலந்த உருளைக்கிழங்கில் வளர்த்தனர். 1908 முதல் 13 ஆண்டுகளில், ஏறத்தாழ 230 முறை புதிய உணவுக்கு மாற்றினர். எத்தகைய பொறுமை! அக்கிருமி நோய் விளைக்கும் ஆற்றலை இழந்தது.

இதன் பயனை அளந்தறிய, 1968-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலகச் சுகாதார நிறுவனமும் பிறரும் திருவள்ளூர் வட்டாரத்தில் பேராய்வு ஒன்றைத் தொடங்கினர். அவ்வட்டாரம் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இருநூறுக்கு மேற்பட்ட ஊர்களில் இரண்டரை இலட்சத்திற்கு மேற்பட்டோர் அதில் பங்கு கொண்டனர். சிலருக்குத் தடுப்பூசியும் சிலருக்கு மருந்தற்ற வெற்றூசியும் போடப்பட்டன. 1979-இல் வெளியான முடிவு உலகையே திகைக்க வைத்தது. வளர்ந்தோரின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை! பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த பின்னரும் அம்முடிவு மாறவில்லை. எனினும், குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் கொடிய காசநோயைப் பெரிதும் தடுப்பதால், இன்றும் பிறந்த குழந்தைக்கு அது போடப்படுகிறது.

பிற நாடுகள் சிலவற்றில் நற்பயன் தந்த மருந்து இங்கே தோற்றது ஏன்? இவ்வட்டார மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் நிறைந்துள்ளன. அவை முன்பே உடலைப் பழக்கிவிடுவதால் தடுப்பூசியின் பயன் புலப்படவில்லை என்பர் சிலர். கிருமியின் குலமே வேறு என்பர் வேறு சிலர். சென்னை நோயாளிகளிடம் கிடைத்த கிருமிகள் பல, கினிப்பன்றிகளின் உடலில் பிரிட்டன் நாட்டுக் கிருமிகளைவிட வலி குன்றியிருந்தமை முன்னரே அறியப்பட்டிருந்தது. பின்னாளில் மரபுப் பொருளை ஆராய்ந்தோர், தென்னாட்டுக் கிருமிகளுள் பெரும்பாலானவை அக்குலத்தின் பழங்கிளையைச் சேர்ந்தவை எனக் கண்டனர்.