பிளானில் கைபிடியைப் பாருங்கள், சகோதரிகளே!

பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்து மணமுடித்து வைப்பது கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே நெடுங்கால வழக்கம். திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளிலும் அப்படித்தான். அந்த வழக்கம் பெற்றோரின் முதுகை ஒடிக்கிறதே என்பது வேறு விவாதம். மூத்த மகளுக்குக் கீழ்வீடு என்றாகிவிட்டால் இளையவளுக்கு எங்கே போவது? பிள்ளைகள் வளர்கிறார்கள், காணி வளர்வதில்லை. ஆகவே சிலெப் போட்டு மேலே ஒரு வீடு எழுகிறது. மேல்வீடு வந்தால் படிக்கட்டு வரும். படிக்கட்டு வந்தால் கைபிடியும் வரவேண்டும்.

இங்கேதான் கவனம் தவறிப்போகிறது. அத்திவாரத்துக்கும் சிலெப்புக்கும் பணத்தைக் கொட்டி முடிந்து, கைபிடிக்கு வரும்போது கை வெறுமையாகி விடுகிறது. “பிறகு பார்ப்போம்” என்று சொல்லிக் குடிபுகுந்து விடுகிறார்கள். அந்தப் “பிறகு” சில வீடுகளில் பிள்ளை தவழத் தொடங்கிய பின்னும் வருவதில்லை.

தடுப்பு இல்லாத மாடியில் இரவில் உறங்குபவர் தமக்குரிய பாதுகாப்பைத் தாமே இழந்துவிடுகிறார் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி அபூதாவூத் கிரந்தத்தில் பதிவாகியுள்ளது. மாடி ஓரத்துக்குத் தடுப்பு வேண்டும் என்பது நேற்று வந்த எஞ்சினியர்மாரின் சட்டமல்ல என்பதை இதிலிருந்து விளங்கிக் கொள்ளலாம்.

கணனியில் ஏறும் படிகள்

முன்பெல்லாம் பிளான் என்றால் மேசைமேல் விரித்த தாளும் பென்சிலும்தான். 1982ஆம் ஆண்டு வெளிவந்த ஓட்டோகேட் அந்தக் கோடுகளைக் கணனிக்குள் கொண்டுவந்தது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ரெவிட், ஸ்கெட்ச்அப் போன்ற மென்பொருள்கள் வீட்டையே முப்பரிமாணத்தில் கட்டிக் காட்டின. சுவர் எழும்புவதையும் படி ஏறுவதையும் திரையிலே சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம்.

ரெவிட்டில் படிக்கட்டை வரைந்தவுடன் அதன் இரு பக்கமும் கைபிடி தானாகவே வந்து நிற்கும். பார்க்க அழகுதான். ஆனால் தானாக வந்ததெல்லாம் சரியாக வந்ததாகி விடாது. உங்கள் வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருப்பது கணனிக்குத் தெரியாது. முழங்கால் வலியோடு படியேறும் உம்மம்மாவையும் அதற்குத் தெரியாது. சொன்ன அளவைப் போடும்; சொல்லாவிட்டால் தன்னிடமுள்ள ஆயத்த அளவைப் போடும். கைபிடியைத் தனியாக வரைந்த படவரைஞர், “இது இந்தப் படிக்கட்டுக்கு உரியது” என்று கணனிக்குக் காட்டிக் கொடுக்க மறந்தால், படிகள் மேலே ஏறிப்போக, கைபிடி மட்டும் தரையிலேயே நீட்டி நிமிர்ந்து கிடக்கும்!

வீடு மகளுக்கு. ஆனால் பிளான் பேச்சு நடப்பதோ வாப்பாவுக்கும் மருமகனுக்கும் மேசன் பாஸுக்கும் இடையில். “பெண்களுக்குப் பிளான் விளங்காது” என்று ஒரு சொல் வேறு! கோடுகள் விளங்காமல் இருக்கலாம். முப்பரிமாணப் படம் யாருக்கும் விளங்கும். நாளைக்கு இடுப்பில் பிள்ளையும் கையில் துணிக்கூடையுமாக அந்தப் படியில் ஏறி இறங்கப் போவது யார்? ஆகவே நகரசபைக்கோ பிரதேச சபைக்கோ பிளான் போவதற்கு முன், படிக்கட்டைத் திரையில் திருப்பிக் காட்டும்படி படவரைஞரிடம் சொல்லுங்கள். இந்த ஐந்து கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள்.

1. உயரம் எவ்வளவு?

படியின் முன்விளிம்பிலிருந்து நேர்மேலே சுமார் 36 அங்குலம், அதாவது 900 மில்லிமீற்றர், படிக்கட்டின் கைபிடிக்குப் பொருத்தமான உயரம். பல்கனி ஓரத்துக்கு இது போதாது. பிரித்தானியக் கட்டட விதி அங்கே 1100 மில்லிமீற்றர், ஏறக்குறைய 43 அங்குலம் கேட்கிறது. ரெவிட்டில் ஒரே கைபிடி மாதிரியைப் படிக்கட்டுக்கும் பல்கனிக்கும் போட்டுவிட்டால் இரண்டுக்கும் ஒரே உயரம்தான் வரும். “பல்கனிக்குத் தனி மாதிரி போட்டீர்களா?” என்று கேட்க வேண்டும்.

2. கம்பிகளுக்கிடையே இடைவெளி எவ்வளவு?

நான்கு அங்குல விட்டமுள்ள ஒரு பந்து எந்த இடைவெளியாலும் நுழையக் கூடாது. அமெரிக்க, பிரித்தானிய விதிகள் இந்தப் பந்துக் கணக்கைத்தான் சொல்கின்றன. இடைவெளி இதைவிடப் பெருகினால் சிறுபிள்ளையின் உடம்பு வெளியே போய்விடும்; தலை மாட்டிக்கொள்ளும். நினைக்கவே நெஞ்சு பதறுகிறது! பிளானில் குறிக்கும் அளவு வழக்கமாக ஒரு கம்பியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு இருக்கும். அது நாலரை அங்குலமாகவும் கம்பியின் தடிப்பு முக்கால் அங்குலமாகவும் இருந்தால், மிஞ்சும் இடைவெளி மூன்றேமுக்கால் அங்குலம். அது நல்லது. இந்த அளவைத் தாளில் எழுதி வாங்குங்கள். எழுத்தில் இல்லாவிட்டால், கம்பியை மிச்சம் பிடிக்க வெல்டிங் பட்டறையில் இடைவெளி கூடிவிடக் கூடும்.

3. கம்பிகள் நெடுக்கா, குறுக்கா?

படத்தில் குறுக்குப் பைப்புகள் புதுப்பாணியாகத் தெரியும். மென்பொருளோடு வரும் ஆயத்த மாதிரிகளிலும் அத்தகையவை உண்டு. ஆனால் குறுக்குப் பைப் என்பது பிள்ளைக்கு ஏணி. ஒன்றின்மேல் ஒன்றாகக் கால் வைத்து உச்சிக்கே ஏறிவிடும். சிறுபிள்ளைகள் வாழும் வீட்டுக்கு நெடுக்குக் கம்பிகளே ஏற்றவை.

4. திருப்பத்தில் கைபிடி அறுந்து போகிறதா?

பாதி ஏறியதும் படிகள் திரும்பும் இடைத்தளத்தைக் கவனமாகப் பாருங்கள். கீழ்ப்படி வரிசையின் கைபிடியும் மேல்வரிசையின் கைபிடியும் அங்கே ஒரு படி உயரம், ஏறத்தாழ ஏழு அங்குலம், முன்பின்னாக நிற்பதுண்டு. திரையில் இது கோணலாகவோ உடைந்தோ தெரியும். படவரைஞர்களுக்குத் தலையிடி தரும் இடம் இதுதான். பட்டறையில் என்றால் நடுவில் ஒரு துண்டை நிறுத்தி ஒட்டிவிடுவார்கள். அந்த இடத்தில் கை பிடியை விடும். இருட்டில் இறங்கும் வயதானவர் தடுமாறுவார். இதற்கு மருந்து கைபிடியில் இல்லை, படியில் இருக்கிறது. மேல்வரிசையின் முதற்படியை ஒரு மிதிபடி அகலத்துக்குப் பின்தள்ளி வைத்தால் இரண்டு கைபிடிகளும் ஒரே உயரத்தில் வந்து சேரும். கொங்கிறீற்று ஊற்றிய பின் இதைச் செய்ய முடியுமா? திரையிலே செய்வதற்குச் சில நிமிடங்கள் போதும்.

பிடிக்கும் பைப் ஒன்றேகால் முதல் இரண்டு அங்குல விட்டத்துக்குள் இருந்தால் கைக்கு அடங்கும். சுவரோடு ஒட்டி வரும் கைபிடி என்றால் விரல் நுழைய ஒன்றரை அங்குலமாவது விடவேண்டும். அதன் நுனியைச் சுவர்ப்பக்கம் வளைத்து முடிக்கச் சொல்லுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் அபாயாவின் கை மாட்டினால் ஆளையே இழுத்துவிடும்.

5. அடிப்பகுதி எப்படிப் பொருத்தப்படுகிறது?

கணனிப் படத்தில் கைபிடி என்றைக்கும் பளபளக்கும். அங்கே உப்புக்காற்று வீசுவதில்லை! நமது துறைமுகக் கரையிலோ கடற்காற்றும் வடகீழ்ப் பருவமழையும் இரும்பைத் தின்கின்றன. கறள் முதலில் பிடிப்பது கண்ணுக்குப் படாத அடியில், கம்பி கொங்கிறீற்றுக்குள் இறங்கும் இடத்தில். கறள் பிடித்த இரும்பு பருத்து, கொங்கிறீற்றையே வெடிக்க வைக்கும். மேலே பெயின்ற் பளிச்சென்று இருக்க, சாய்ந்தால் கம்பி ஆடும். மேல்வீட்டுக்கு வெளிப்புறமாகப் படி வைப்பவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். நாகம் பூசிய ஜீ.ஐ. பைப் சாதாரண இரும்பைவிட நீடிக்கும். ஆனால் ஒட்டிய இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துபோவதால் அங்கே மீண்டும் நாகப் பெயின்ற் அடிக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குவதானால் 304ஆம் தரத்தைவிட 316ஆம் தரம் கடற்காற்றைத் தாங்கும், விலைதான் கூட. அடியில் தண்ணீர் தேங்காமல் வழிந்தோடச் செய்வதற்கோ பெரிய செலவில்லை.

இன்னொரு நன்மை

கீழ்த்தரைக்கும் மேல்தரைக்கும் 126 அங்குல உயரம் என்று கொடுத்து 18 படி கேட்டால், கணனி ஒவ்வொரு படியையும் சரியாக 7 அங்குலமாகப் பிரித்துத் தரும். கண்மதிப்பில் கட்டும்போது கடைசிப் படி மட்டும் உயர்ந்தோ தாழ்ந்தோ போய்விடும். பழகிய கால் அந்த ஒரு படியில்தான் இடறுகிறது. ஆகவே அளவுத்தாளை மேசன் பாஸின் கையில் கொடுத்து, பலகை அடித்ததும் ஒருமுறை நாடா பிடித்துப் பாருங்கள்.

ஏற்கனவே கட்டி முடித்தவர்களுக்கு

அவர்களும் கவலைப்பட வேண்டியதில்லை. இன்றே ஓர் அளவு நாடாவை எடுங்கள். இடைவெளி நான்கு அங்குலத்தைத் தாண்டினால் நடுவில் ஒரு கம்பி ஒட்டலாம். அதுவரை உறுதியான வலையை இழுத்துக் கட்டலாம். சிறுபிள்ளை இருந்தால் படிக்கு மேலும் கீழும் சிறு கதவு வையுங்கள். பல்கனி ஓரத்தில் கதிரையோ பூச்சாடியோ இருந்தால் அகற்றுங்கள். பிள்ளை ஏற அது போதும். மாதம் ஒருமுறை கைபிடியைப் பலமாக அசைத்துப் பாருங்கள்.

தாய்தந்தையரின் வாழ்நாள் உழைப்பு மகளுக்கு ஒரு வீடாகிறது. அந்த வீட்டில் ஒரு பிள்ளை விழுந்துவிட்டால் பளிங்குத் தரைக்கும் வண்ணச் சுவருக்கும் என்ன பெறுமதி? கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். படவரைஞர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. திரையில் ஒரு கோடு மாறுவதற்குச் செலவில்லை; கட்டிய பின் மாற்றத்தான் செலவு.

அல்லாஹ் நம் இல்லங்களையும் அவற்றில் ஓடியாடும் குழந்தைகளையும் பாதுகாத்தருள்வானாக. ஆமீன்.