ப்ரோமோட்டர் யார் பக்கம்?

இந்த எபிசோடுக்கான கேள்வி எனக்குப் பழவேற்காட்டில் கிடைச்சது. ஏரிக்கரை மீனவ கிராமம் ஒன்றில், ஒரு அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடிச்சிட்டு இருந்தேன். அவர் பையனுக்கு 19 வயசு, வடசென்னையில் பாக்ஸிங் பழகுறான். யாரோ ஒருத்தர் "உன்னை ப்ரொஃபஷனல் ஆக்குறேன்"னு சொல்லி, இங்கிலீஷில் அஞ்சு பக்க கான்ட்ராக்ட் கொடுத்திருக்கார். அண்ணன் அதை என்கிட்ட நீட்டி, "நீ இன்ஜினியரிங் படிச்சவன்தானே தம்பி, என்ன எழுதியிருக்குன்னு சொல்லு" என்றார்.

என் முதல் வேலையில் பாண்டைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டவன் நான். ஆனா இதை முழுசாப் படிச்சேன். ஒரே ஆள் ஒரு பக்கத்தில் மேனேஜர், இன்னொரு பக்கத்தில் ப்ரோமோட்டர். சிக்கலே அங்கதான் இருக்கு.

முதலில் வித்தியாசத்தைப் பார்த்துடலாம். மேனேஜர் அல்லது ஏஜென்ட் வீரரின் ஆள். வீரருக்கு வர்ற பணத்தில் அவருக்குக் கமிஷன். வீரருக்கு நிறைய வந்தா இவருக்கும் நிறைய. ப்ரோமோட்டர் போட்டியின் முதலாளி. ஸ்டேடியம் பிடிக்கணும், எதிராளியைக் கொண்டு வரணும், டிவி உரிமையும் டிக்கெட்டும் விக்கணும். நஷ்டம் வந்தா அவர் தலையில்தான் விழும். வீரருக்குக் கொடுக்கும் சம்பளம் அவர் கணக்கில் ஒரு செலவு. அது குறைஞ்சா அவருக்கு லாபம். ஆக, ரெண்டு பேரும் ஒரே கயிற்றை எதிரெதிர் பக்கம் இழுக்கிறவங்க.

நம்ம நாட்டில் இந்த ரெண்டு வேலையையும் செஞ்ச முக்கியமான ஆள் நீரவ் தோமர். ஐஓஎஸ் என்ற ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் நிறுவனத்தை நடத்துறவர். கிரிக்கெட் தவிர வேற விளையாட்டுக்கு விளம்பரதாரர் கிடைப்பதே கஷ்டமா இருந்த காலத்தில், விஜேந்தர் சிங், மேரி கோம் மாதிரி பாக்ஸர்களின் வியாபார விஷயங்களைப் பார்த்துக்கிட்டார். ஏஜென்ட் என்ன செய்ய முடியும்னு தெரிய ஒரு உதாரணம்: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் ரெண்டு வெண்கலம் ஜெயிச்சதும், ஒரு விளம்பர ஒப்பந்தத்துக்கு 20–25 லட்சமா இருந்த தொகை சுமார் 1.5 கோடி ஆயிடுச்சுன்னு தோமரே பத்திரிகைகளிடம் சொன்னார்.

விஜேந்தர் கதை இன்னும் சுவாரசியம். 2008 பெய்ஜிங்கில் இந்திய பாக்ஸிங்குக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர், 2015-ல் ப்ரொஃபஷனல் ஆனார். லண்டனில் ஃபிராங்க் வாரனின் க்வீன்ஸ்பெரி ப்ரோமோஷன்ஸோடு ஒப்பந்தம். 2015 அக்டோபர் 10 அன்னைக்கு மான்செஸ்டரில் முதல் சண்டை. 2016 ஜூலை 16-ல் டெல்லி தியாகராஜ் ஸ்டேடியத்தில் கெர்ரி ஹோப்பை 10 ரவுண்டு ஆடி ஜெயிச்சு, டபிள்யூபிஓ ஆசிய பசிபிக் பட்டம் வாங்கினார். அந்த டெல்லிப் போட்டியை நடத்தியதில் தோமரின் நிறுவனமும் உண்டு. சந்தையே இல்லாத இடத்தில் ஏஜென்ட்டே மேடையும் போட வேண்டி வந்துச்சு. அதைத் தப்புன்னு சொல்ல வரலை. அவங்க அதைப் போடலைன்னா வேற யார் போட்டிருப்பாங்க?

ஆனா இந்த ரெண்டு வேலையும் ஒரு கைக்குப் போனா என்ன ஆபத்துன்னு அமெரிக்கா பார்த்துடுச்சு. டான் கிங் 1974-ல் அலிக்கும் ஃபோர்மேனுக்கும் ஆளுக்கு 50 லட்சம் டாலர் தர்றேன்னு முதலில் கையெழுத்து வாங்கினார். பணம் தர்ற ஆளை அப்புறம்தான் தேடினார். கிடைச்சது ஜயர் நாட்டு அதிபர் மொபுட்டு. அபார திறமைதான். அதே கிங், 1980-ல் ஹோம்ஸுடன் மோதினதுக்குப் பேசின தொகையில் 10 லட்சம் டாலருக்கும் மேல குறைச்சுக் கொடுத்தார்னு அலி வழக்குப் போட்டார். கடைசியில் 50,000 டாலரை வாங்கிக்கிட்டு வழக்கை விட்டுட்டார். அதே 1980-ல்தான் அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். எம்.ஜி.ஆரோடு அவர் நிற்கும் போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. உலகமே கொண்டாடின அந்த மனுஷனுக்கே இந்த நிலைமை.

2000-ல் அமெரிக்கா அலி பேரிலேயே ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு. 10 ரவுண்டு அல்லது அதுக்கு மேல உள்ள போட்டிகளில், ப்ரோமோட்டருக்கு மேனேஜர் தொழிலில் பங்கு இருக்கக் கூடாது, மேனேஜருக்கு ப்ரோமோட்டர் தொழிலில் பங்கு இருக்கக் கூடாது. நம்ம ஊரில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. கான்ட்ராக்ட்தான் ஒரே வேலி.

இதையெல்லாம் அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிட்டே இருந்தேன். அவரே கேட்டார்: "தம்பி, வலைக்கும் இன்ஜினுக்கும் வியாபாரி அட்வான்ஸ் தர்றாரு. அதனால இறாலை அவருக்குத்தான் போடணும். ரேட்டும் அவர்தான் சொல்லுவாரு. இது அந்த மாதிரியா?"

நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இவ்வளவு தெளிவா சொல்லியிருக்க மாட்டேன். இன்னொன்னும் சொன்னார்: ஏரிக்குள்ள யார் எங்க வலை கட்டணும்னு பாடு முறையில் சீட்டுப் போட்டு முறை வெச்சிருக்காங்க, கரைக்கு வந்ததும் விலைக்கு அப்படி ஒரு முறை இல்லை.

கான்ட்ராக்ட்டைக் கையில் வெச்சிருக்கும் யாரும் மூணு கேள்வி கேளுங்க. ஒண்ணு, எத்தனை வருஷம், யார் விருப்பப்பட்டா நீட்டிக்கலாம்? ரெண்டு, வருஷத்துக்குக் குறைஞ்சது எத்தனை சண்டை, அதுக்கு எவ்வளவு பணம், கொடுக்கலைன்னா என்ன? மூணு, பயிற்சி, ஸ்கேன், பயணம்னு எதையெல்லாம் சம்பளத்தில் கழிப்பாங்க?

பையன்கிட்ட இருந்த தாளில் மூணாவதுக்கு மட்டும்தான் விளக்கமான பதில் இருந்துச்சு. அவன் இன்னும் கையெழுத்துப் போடலை. "எல்லாம் சரி அண்ணா, ஆனா இவரை விட்டா எனக்கு வேற யார் மேடை தருவா?"ன்னு கேட்டான். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. பொன்னேரியில் ஒரு வக்கீலைப் பார்க்கலாம்னு மட்டும் சொல்லிட்டு, பஸ் ஏறினேன்.