கனடாவில் இருந்து வரும் விற்றமின் போத்தலும் நீரிழிவு நோயாளியின் சிறுநீரகமும்

வெளிநாட்டில் உறவுகள் உள்ள யாழ்ப்பாண வீடுகளுக்கு விற்றமின் போத்தல்கள் புதியவை அல்ல. அம்மாவுக்குக் கால் விறைக்கிறது, அப்பாவுக்குக் களைப்பு என்று தொலைபேசியில் கேட்ட பிள்ளைகள், சொக்லேட்டுடன் சேர்த்து ‘பி கொம்ப்ளெக்ஸ்’ மாத்திரைகளையும் அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதனால் தீங்கில்லை. ஆனால் நீரிழிவால், அதாவது சலரோகத்தால், சிறுநீரகம் பழுதடையத் தொடங்கியவர்களின் நிலை வேறு. அதற்கான ஆதாரம் கனடாவிலேயே இருக்கிறது.

குருதியில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் கூடியவர்களுக்கு இதய நோயும் சிறுநீரகப் பாதிப்பும் அதிகம் காணப்படுகின்றன. போலிக் அமிலம், பி6, பி12 ஆகிய மூன்றும் அதைக் குறைக்கும். அப்படியானால் இவற்றைக் கொடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாமா?

இதை அறிய, கனடாவின் 5 பல்கலைக்கழக மருத்துவ நிலையங்களில் 2001 முதல் 2007 வரை ஓர் ஆய்வு நடந்தது. நீரிழிவுச் சிறுநீரக நோயுள்ள 238 பேர் பங்கேற்றனர். ஒரு பகுதியினருக்கு நாளாந்தம் போலிக் அமிலம் 2.5 மில்லிகிராம், பி6 25 மில்லிகிராம், பி12 1 மில்லிகிராம் கொடுக்கப்பட்டன. மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. இங்கு கொடுத்த பி12 மட்டும் சாதாரண நாளாந்தத் தேவையின் 400 மடங்குக்கு மேல்.

முடிவுகள் 2010 இல் வெளியாகின. விற்றமின் எடுத்தவர்களின் ஹோமோசிஸ்டீன் குறைந்தது. ஆனால் 36 மாதங்களில் அவர்களது சிறுநீரக வடிகட்டும் திறன் 16.5 அலகுகள் வீழ்ந்தது. மற்றவர்களுக்கு வீழ்ந்தது 10.7 தான். மாரடைப்பு, பக்கவாதம், மரணம் போன்றவை ஏறத்தாழ இரு மடங்காகின. பரிசோதனை அறிக்கையில் ஓர் எண் நன்றாகியது. நோயாளிக்கோ தீங்கு கூடியது.

இந்த விற்றமின்கள் நீரில் கரைபவை. மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். அது பழுதடைந்தால் மிஞ்சியது உடலில் தேங்கலாம் என்பது முன்வைக்கப்படும் ஒரு விளக்கம்.

பி1 பற்றிய செய்தி சற்று நம்பிக்கையானது. லாகூரில் 40 பேரிடம் 3 மாதம் நடந்த ஆய்வில், நாளாந்தம் 300 மில்லிகிராம் பி1 எடுத்தவர்களின் சிறுநீரில் அல்புமின் கசிவு குறைந்தது. எனினும் அது சிறிய, குறுகிய ஆய்வு. அதை நம்பித் தானாக மாத்திரை எடுக்க முடியாது.

இதற்காகப் பி விற்றமின் எல்லாவற்றையும் ஒதுக்கவும் கூடாது. மெற்போமின் குளிசையை நீண்டகாலம் எடுப்பவர்களுக்குப் பி12 குறையலாம். கால் விறைப்புக்கு அதுவும் காரணமாகலாம். போரில் ஒரு காலை இழந்து, மற்றக் காலை நம்பி வாழ்பவர் இதைக் கவனிக்காமல் விடக்கூடாது. குருதிப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்தால் வைத்தியர் பி12 தருவார். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இவ்விற்றமின்கள் கழுவப்பட்டு இழக்கப்படுவதால், அளவறிந்து கொடுக்கப்படுகின்றன. வைத்தியர் தந்ததை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சிறுநீரகத்தைக் காப்பவை பழைய வழிகள்தான்: இரத்த அழுத்தத்தையும் சீனியையும் கட்டுப்பாட்டில் வைத்தல், எனலாபிரில், லொசாட்டன் போன்ற மருந்துகளை வைத்தியர் சொன்னபடி எடுத்தல், டைக்குளோபெனக் போன்ற வலி மாத்திரைகளைக் கேட்காமல் விழுங்காதிருத்தல்.

அடுத்த கிளினிக்குக்குக் கொப்பியுடன் அந்தப் போத்தலையும் கொண்டு செல்லுங்கள். கிரியேற்றினின், சிறுநீர் அல்புமின் அளவுகளைக் கேளுங்கள். அவற்றைப் பார்த்த பின் போத்தலைத் திறப்பதா என்பதை வைத்தியர் சொல்லட்டும்.