மூன்று முனுசாமிகள்

ஆடி மாதம் கூழ் காய்ச்சும் அன்று ஆயா தவறாமல் ஒன்று சொல்வார். "எங்க தாத்தாவோட தம்பி நேட்டாலுக்குப் போனாரு. போனவரு போனவருதான்." மாடு முட்டி அவருக்கு வலது தொடையில் தழும்பு இருந்ததாம். அண்ணனோடு ஏதோ மனஸ்தாபம். ஒருநாள் விடிந்து பார்த்தால் ஆளைக் காணோம். எங்கள் குடும்பத்தில் அவரைப் பற்றி மிஞ்சியது இவ்வளவுதான். உண்மையான பெயரை விட்டுவிட்டு, இங்கே அவரை முனுசாமி என்று வைத்துக்கொள்கிறேன்.

நேட்டால் என்பது தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரை. சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறையைத் தொட்டது 1860 நவம்பர் 16 அன்று. அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அங்கே போனார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஆளுக்கொரு எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்னும் இருக்கின்றன. கணினியில் தேடவும் முடிகிறது.

தேடினேன். வட ஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகா, ஆயா சொன்ன காலம் என்று வடிகட்டியதில் மூன்று முனுசாமிகள் நின்றார்கள். ஆங்கிலத்தில் ஒருவர் மூன்சாமி, ஒருவர் முனிசாமி, ஒருவர் மோனோசாமி. குமாஸ்தாவின் காதில் விழுந்ததுதான் எழுத்து.

முதல் ஆளின் தகப்பன் பெயர் எங்கள் வீட்டுப் பெயரோடு அப்படியே ஒத்துப்போனது. ஆனால் வயது பத்து ஆண்டு தள்ளி இருந்தது. ஊர் 'புதூர்' என்று இருந்தது. புதூர் இல்லாத தாலுகா எங்கே இருக்கிறது? இரண்டாமவருக்கு வலது தொடையில் தழும்பு. பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. ஆனால் தகப்பன் பெயர் வேறு. மூன்றாமவர் ஒப்பந்தம் முடியுமுன்னே வாரிசில்லாமல் இறந்திருக்கிறார். என் மனம் அவரை உடனே ஒதுக்கியது. அவரைத் தேட யாருமில்லை என்பதற்காக அவர் எங்கள் தாத்தா இல்லை என்று ஆகிவிடாதே என்று பிறகுதான் உறைத்தது. மறுபடி பட்டியலில் சேர்த்தேன்.

வயதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறந்த தேதி தெரியாத மனிதரைப் பார்த்து ஒரு மதிப்பில் இருபத்தைந்து, முப்பது என்று போட்டிருப்பார்கள். பெயர்தான் பெரிய சிக்கல். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்ல மாட்டாள். அதனால் பெற்ற மகனையே சின்னவனே, துரை என்று ஏதாவது ஒரு பெயரில் கூப்பிடுவாள். ஊருக்கும் அதுவே பெயராகிவிடும். சென்னையில் கப்பலுக்குக் காத்திருந்த இடத்தில் "உன் தகப்பன் பேரென்ன?" என்று கேட்டபோது, ஊர் கூப்பிட்ட பெயரைச் சொன்னாரா, சாமி முன் வைத்த பெயரையா? இரண்டாமவரைத் தகப்பன் பெயரை மட்டும் வைத்துத் தள்ள முடியாமல் நிற்பது இதனால்தான்.

அக்கரையில் பெயர் இன்னொரு உருவம் எடுத்தது. வந்தவரின் சொந்தப் பெயரே பேரன்மாருக்குக் குடும்பப் பெயராயிற்று. வேறு சிலர் பட்டங்களைக் குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். கப்பல் பட்டியலின் சாதிப் பத்தியோடு இவற்றை ஒப்பிட்டால் பல நேரம் பொருந்தாது. பழைய பட்டியல்களில் 'மலபார்' என்றிருந்தால் அது தமிழர், 'ஜெண்டூ' என்றால் தெலுங்கர். இது தெரியாமல் கேரளத்துக்குப் போய் வேர் தேடியவர்களும் இருப்பார்கள்.

மரபணுச் சோதனை செய்தால் தெரிந்துவிடுமே என்று என் தம்பி கேட்டான். அண்ணன் தம்பி பிள்ளைகள் ஒன்றுவிட்ட உறவு. அப்படியே எண்ணினால் டர்பனில் என் தலைமுறைக்காரர் எனக்கு நாலுவிட்ட உறவு. அந்தத் தூரத்தில் சுமார் பாதிப் பேரிடம் சோதனையில் காணும்படியான பொதுப்பங்கு எதுவுமே இருக்காது. அப்படியே பொருந்தினாலும், அக்கா மகளையும் மாமன் மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவந்த வம்சத்தில் தூரத்து உறவு கிட்டத்து உறவுபோலத் தெரியும். ஊரில் பாதிப்பேர் ஏதோ ஒரு வழியில் சொந்தம். எந்த வழியில் என்பதைச் சோதனை சொல்லாது.

இதைவிடக் குலதெய்வத்தை நான் அதிகம் நம்புகிறேன். டர்பனில் இன்றும் ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். ஆனால் மாரியம்மன் எல்லா ஊரிலும் இருக்கிறாள். சாட்சிக்கு உதவ மாட்டாள். எங்கள் வீட்டுத் தெய்வம் பச்சையம்மன். எங்கள் பக்கத்தில் அவளுக்கும் வாழ்முனிக்கும் நேர்ந்துகொண்டு பச்சையப்பன், பச்சையம்மாள் என்று பெயர் வைப்பார்கள். முதல் இருவரில் யாருடைய சந்ததியில் அந்தப் பெயர் மறுபடி வருகிறது என்று பார்க்க வேண்டும்.

முதல் முனுசாமியின் வழியில் வந்த ஓர் ஆசிரியை டர்பனில் கிடைத்தார். தமிழ் பேச வராது. 'ஆயா', 'தாத்தா' மட்டும் வரும். முதல் அழைப்பிலேயே என்னை அண்ணா என்றார். அடுத்த தை மாதம் வந்து நம் கோயிலில் பொங்கல் வைக்கிறேன் என்றார். வாருங்கள் என்றேன், மனதார. ஆனால் குடும்ப மரத்தில் அவர் பெயரையும் எங்களையும் சேர்க்கும் இடத்தில் பென்சிலால் புள்ளிக்கோடுதான் போட்டிருக்கிறேன். தொட்டால் வலிக்கும் இடம் அது என்று தெரியும். ஆனாலும் அவசரப்பட்டு மையால் எழுதினால், அவருடைய சொந்த ஊர்க்காரர்கள் வேறெங்கோ அவருக்காகக் காத்திருக்க, அந்த வழியை நானே அடைத்தவனாவேன். இரண்டாமவரின் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் கதவு மூடிப்போகும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இறந்தவர்களின் சொத்துக் கோப்புகள் இருக்கின்றன. அவற்றில் இறந்தவரின் தாய் தந்தை பெயரைக் கேட்டு எழுதுவது வழக்கம். கப்பல் பட்டியலில் தாய் பெயருக்கு இடமில்லை, இங்கே உண்டு. முதல் முனுசாமிக்கு அப்படி ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார்க்க அடுத்த வாரம் அந்த ஆசிரியை போகிறார்.

எங்கள் சின்னத் தாத்தாவின் அம்மா பெயர் ஆயா சொல்லி எனக்குத் தெரியும். ஊரில் வேறு யாருக்கும் இருந்ததாகக் கேள்விப்படாத பெயர் அது. நேற்று இரவு ஆசிரியை அதை இரண்டு முறை கேட்டார். கோப்பைப் பார்த்துவிட்டு நீங்களே முதலில் சொல்லுங்கள், தங்கச்சி, என்று சொல்லிவிட்டேன்.